எட்டாயிரம் பேரில் ஒரு கொலை: சிறுநகரத்தின் குற்றக் கணக்கை எப்படி வாசிப்பது?

எட்டாயிரம் பேர் வாழும் ஒரு சிறுநகரத்தில் ஓராண்டில் ஒரே ஒரு கொலை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். குற்றங்களை ஒரு லட்சம் மக்களுக்கு இத்தனை என்று கணக்கிடுவதே பெரும்பாலான நாடுகளின் வழக்கம் என்பதால், அந்த ஊரின் கொலை விகிதம் லட்சத்துக்கு 12.5 என்று பதிவாகும். ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2021ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட உலகச் சராசரி லட்சத்துக்கு ஏறத்தாழ 5.8. ஓர் இரவில் இருவருக்கிடையே மூண்ட ஒரு தகராறு, அந்த ஊரை உலகச் சராசரியின் இரு மடங்குக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அடுத்த ஆண்டு கொலை ஏதும் நடக்காவிட்டால் விகிதம் பூஜ்யம். அப்போது அதே ஊர் உலகின் மிகப் பாதுகாப்பான இடங்களில் ஒன்றாகிவிடும். இந்த இரண்டு ஆண்டுகளுக்கிடையே ஊரில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதே தெருக்கள், அதே மனிதர்கள், அதே காவல் நிலையம்.

வீடு வாங்க நினைப்பவர், பணியிட மாற்றம் பெற்றவர், பிள்ளைகளைத் தனியே பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் ஆகிய எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்தப் பகுதி பாதுகாப்பானதா? அதற்குப் பதிலாக அவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஆண்டு விகிதம், அல்லது அதைக் கொண்டு தயாரித்த ஒரு தரவரிசை. பெருநகரங்களுக்கு அந்த எண் ஓரளவு பொருள் தரும். சிறுநகரத்தின் ஒரு பகுதிக்கு அது ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதையும், அந்த எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எதைப் பார்க்கலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தற்செயலின் பங்கைக் கணக்கிடுவோம். மேற்சொன்ன சிறுநகரத்தின் உண்மையான அபாயம் உலகச் சராசரியான 5.8-க்குச் சரியாக இணையாக, ஆண்டுதோறும் மாறாமல் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியென்றால் ஓராண்டுக்கு எதிர்பார்க்கத்தக்க கொலைகள் சராசரியாக 0.46. அரைக் கொலை என்று ஒன்று நடக்க முடியாது ஆகையால், நிகழ்தகவு விதிப்படி நூறு ஆண்டுகளில் சுமார் 63 ஆண்டுகள் கொலையே இராது. 29 ஆண்டுகளில் ஒன்று நடக்கும். மீதி எட்டு ஆண்டுகளில் இரண்டோ அதற்கு மேலோ நடக்கும். அந்த எட்டு ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் அவ்வூருக்குக் குடிவருபவர், அது கொலைகாரர்களின் ஊர் என்று நம்புவார். முந்தைய 63-இல் ஒன்றில் வருபவருக்கு அது சொர்க்கமாகத் தெரியும்.

கொலை அரிதான குற்றம், ஆகவே அது ஏறியிறங்குவது இயல்பு என்று சிலர் சொல்லலாம். வீடு புகுந்து திருடுதல் போன்ற சற்று அடிக்கடி நடக்கும் குற்றங்களிலும் நிலைமை பெரிதாக மேம்படுவதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது வீடுகளில் திருட்டு நடக்கும் ஒரு பகுதியில், எந்த மாற்றமும் இல்லாமலேயே ஓர் ஆண்டில் நான்கும் மற்றோர் ஆண்டில் பதினான்கும் பதிவாவது வியப்புக்குரியதல்ல. சென்ற ஆண்டு ஆறு, இந்த ஆண்டு பன்னிரண்டு என்றால் திருட்டு இரட்டிப்பாகிவிட்டது என்று செய்தி வரும். ஆனால் அடிப்படை அபாயம் அப்படியே இருந்தாலும், அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் எண்ணிக்கையில் ஆறோ அதற்கு மேலோ வித்தியாசம் வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை நடக்கக்கூடியதே. நாடு முழுவதும் இத்தகைய ஆயிரக்கணக்கான ஊர்கள் இருக்கும்போது, எங்கேனும் சில ஊர்களில் குற்றம் இரட்டிப்பானதாகவும் வேறு சில ஊர்களில் பாதியாகக் குறைந்ததாகவும் ஒவ்வோர் ஆண்டும் தோன்றியே தீரும். மிக ஆபத்தான ஊர்களின் பட்டியலிலும் மிகப் பாதுகாப்பான ஊர்களின் பட்டியலிலும் சிற்றூர்களே முன்னிலையில் நிற்பதற்குக் காரணம் இதுதான். பெருநகரங்கள் தங்கள் பெரிய மக்கள் தொகையாலேயே நடுவில் தங்கிவிடுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால், கணக்கில் கொள்ளும் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆபிரகாம் டி மாய்வர் அறிந்திருந்த கணிதம். சிறுநகரத்துக்கு அதற்கு ஒரே வழி, ஓராண்டை விட்டுவிட்டு ஐந்து ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்ப்பது.

இதன் தொடர்ச்சியாக வரும் இன்னொரு பிழையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருட்டு மிகுந்த ஓர் ஆண்டுக்குப் பிறகுதான் ஊர் கூடிப் பேசுகிறது, கேமரா வைக்கிறது, இரவுக் காவலுக்கு ஆள் போடுகிறது. அசாதாரணமாக உயர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, எதுவும் செய்யாவிட்டாலும், எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கும். இறங்கியதும் கேமராவுக்குப் பாராட்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தனர். அதையொட்டி வேகக் கட்டுப்பாட்டை மீறுவோர் மீது மாநில அரசு கடும் நடவடிக்கை எடுத்தது. மறு ஆண்டு இறப்புகள் 284 ஆகக் குறைந்தன. ஆளுநர் அதைத் தமது திட்டத்தின் வெற்றி என்றார். பின்னர் 1968இல் டொனால்ட் கேம்பெல், லாரன்ஸ் ராஸ் ஆகிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளின் தரவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, 1955ஆம் ஆண்டே ஒரு விதிவிலக்கான உச்சம் என்பதும், அந்தச் சரிவின் ஒரு பகுதி எப்படியும் நிகழ்ந்திருக்கக்கூடியது என்பதும் தெரியவந்தன. ஒரு மாநிலத்துக்கே இப்படியென்றால், சில ஆயிரம் பேர் வாழும் ஊரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

விகிதத்தின் கீழே நிற்கும் எண், அதாவது மக்கள் தொகை, தனியாக ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. குற்றங்கள் அங்கே இருப்பவர்களுக்கு நேர்கின்றன. வகுப்பதோ அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கையால். பேருந்து நிலையம், சந்தை, மருத்துவமனை, கல்லூரி ஆகியவை அமைந்த ஒரு சிறுநகரத்துக்குப் பகலில் சுற்றுவட்டாரம் முழுவதும் வந்துபோகும். அங்கே நடக்கும் பிக்பாக்கெட்டும் இருசக்கர வாகனத் திருட்டும் இரவில் அங்கே உறங்கும் சொற்ப மக்களின் கணக்கில் ஏறுகின்றன. இதன் உச்ச எடுத்துக்காட்டு வத்திக்கான். அங்கே குடியிருப்பவர்கள் சில நூறு பேர். ஆண்டுதோறும் வந்துபோகிறவர்கள் பல லட்சம். அந்தக் கூட்டத்தில் நடக்கும் சில்லறைத் திருட்டுகளைக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், போப்பாண்டவரின் நகரம் உலகிலேயே குற்றம் மலிந்த நாடாகிவிடும். ஒரு சிறுநகரத்தின் கடைவீதிப் பகுதி மோசமானது என்றும் அதை அடுத்த குடியிருப்பு நல்லது என்றும் சொல்லும் வரைபடங்களில் பல, இதே வகுத்தலின் விளைவுகளே.

மேலே நிற்கும் எண்ணுக்கு வருவோம். அது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் அது எத்தனை வடிகட்டிகளைக் கடந்து வருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் அதைக் குற்றம் என்று உணர வேண்டும். புகார் கொடுக்க முன்வர வேண்டும். காவல் நிலையம் அதை ஏற்க வேண்டும். ஏற்றதை வழக்காகப் பதிய வேண்டும். பதிந்ததைச் சரியான வகையில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலிருந்தும் பிரிட்டனில் 1982ஆம் ஆண்டிலிருந்தும், காவல் துறையைச் சாராமல் வீடு வீடாகச் சென்று, கடந்த சில மாதங்களில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அமெரிக்க ஆய்வின்படி வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் குறைவானவையே காவல் துறையை எட்டுகின்றன. எட்டியவையும் முழுதாகப் பதிவாவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல் துறைக்குச் சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் பதியப்படாமலேயே விடப்பட்டதாக அந்நாட்டின் காவல் ஆய்வாளரகம் 2014இல் கண்டறிந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், காவல் துறை பதியும் குற்றப் புள்ளிவிவரங்களுக்கு அளித்திருந்த, நம்பத்தக்கவை என்பதற்கு அடையாளமான ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதியை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் விலக்கிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில், லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படிப் பதிந்த அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தாலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றுள் மிகக் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணிக்கையில் சேர்க்கிறது. கொலையும் கொள்ளையும் ஒரே நிகழ்வில் நடந்தால் கொள்ளை கணக்கில் வராது. குற்றம் பெருகுவதும் குற்றப் பதிவு பெருகுவதும் வெவ்வேறு என்று அந்த ஆவணக் காப்பகமே தனது ஆண்டறிக்கைகளில் எச்சரிக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் தன் தரவுகளைக் கொண்டு ஊர்களைத் தரவரிசைப்படுத்த வேண்டாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தரவைத் தயாரிப்பவர்கள் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் தரவரிசைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஏனெனில் அவற்றைப் படிக்க ஆள் இருக்கிறது.

சிறுநகரத்தில் இந்த வடிகட்டிகளுக்குத் தனித்தன்மை உண்டு. பெருநகரத்தில் புகார் கொடுப்பவர் காவல் நிலையத்துக்கு ஓர் அந்நியர். சிறுநகரத்தில் அவர் நிலையத்துக்குள் நுழைவதைப் பார்ப்பவர், எழுதுபவர், குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிய மூவரும் ஏதோ ஒரு வழியில் அறிமுகமானவர்களாக இருக்கக்கூடும். மாலைக்குள் செய்தி ஊர் முழுவதும் பரவியிருக்கும். பெரியவர்கள் நடுவிலிருந்து பேசி முடிப்பதும், திருடிய பொருளைத் திரும்பக் கொடுத்ததும் விவகாரத்தை அத்துடன் விட்டுவிடுவதும், பையனின் எதிர்காலத்தை எண்ணிப் பொறுத்துக்கொள்வதும் அங்கே அதிகம். அதற்கு நேரெதிரான விளைவும் உண்டு: வேலைப்பளு குறைந்த நிலையத்தில், பெருநகரம் கண்டுகொள்ளாத சிறு சச்சரவுகளும் வழக்காகப் பதியலாம். புதிதாக வந்த ஓர் அதிகாரி புகார்களை உடனுக்குடன் பதியத் தொடங்கினாலே அந்த ஆண்டின் விகிதம் ஏறிவிடும். அந்த ஏற்றம் நல்ல செய்தி என்று யாரும் எழுதப்போவதில்லை.

இந்த மங்கலிலும் ஓரளவு நம்பத்தக்க எண்கள் இரண்டு உண்டு. ஒன்று கொலை, உடலை மறைப்பது கடினம். மற்றொன்று வாகனத் திருட்டு. காப்பீட்டுத் தொகை பெறக் காவல் துறையின் ஆவணம் தேவைப்படுவதால் இழந்தவர் புகார் கொடுத்தே தீருவார். கொலையோ சிறுநகரத்துக்கு மிக அரிதானது என்பதால், நடைமுறையில் கைக்கு உதவுவது இரண்டாவதுதான்.

புள்ளிவிவரம் இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது அந்த இடத்தை நிரப்புவது அச்சம். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்திலிருந்து இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகக் குற்றங்கள் பெருமளவு குறைந்தன. ஆயினும் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலான ஆண்டுகளில், நாட்டில் குற்றம் சென்ற ஆண்டைவிட அதிகரித்துவிட்டது என்றே பெரும்பான்மையினர் சொல்லிவந்தனர். தங்கள் சொந்தப் பகுதியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அப்படிச் சொன்னவர்களின் பங்கு குறைவாக இருந்தது. கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது அச்சத்தை வளர்க்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். இப்போது குடியிருப்புக்குக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்கள் வந்துவிட்டதால், கேட்பது கைக்குள்ளேயே வந்துசேர்கிறது. ஒரே வழிப்பறியை ஐந்து பேர் ஐந்து விதமாகப் பகிரும்போது, அது ஐந்து வழிப்பறிகளாக மனதில் தங்கிவிடுகிறது. வேறு மாநிலத்தில், வேறு ஆண்டில் எடுத்த காட்சி நேற்றிரவு பக்கத்துத் தெருவில் நடந்ததாகிவிடுகிறது.

இதன் விலை சில சமயம் உயிராகவே இருக்கிறது. 2018இல் குழந்தை கடத்துபவர்கள் ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி பரவியதால், இந்தியாவின் பல மாநிலங்களில் வழி கேட்க நின்றவர்களும் பிழைப்புக்காக வந்தவர்களும் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கே இல்லாத ஒரு குற்றத்தைப் பற்றிய அச்சம், உண்மையான கொலைகளாகப் பதிவேட்டில் ஏறியது. சிறு இடங்களில் அச்சம் எப்போதும் வெளியூர்க்காரர் மீதே முதலில் விழுகிறது. சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீஃபன் ராடன்புஷ்ஷும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதன் நுட்பமான வடிவத்தைக் காட்டியது. தெருவில் உண்மையில் காணப்படும் குப்பை, சுவர்க் கிறுக்கல், குடிகாரர் நடமாட்டம் ஆகியவற்றைத் தனியே அளந்து ஒப்பிட்டபோதும், ஒரு பகுதி சீரழிந்திருக்கிறது என்ற எண்ணத்தை அங்கே வாழ்பவர்களின் இனமும் வறுமையும் பெருமளவு தீர்மானித்தன. ஒரு பகுதியைப் பார்த்ததும் நமக்குத் தோன்றும் ‘பாதுகாப்பில்லை’ என்ற உணர்வைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் முன் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கடந்த நாற்பது ஆண்டுகளில் குற்றவியல் கண்ட மிக உறுதியான உண்மை, குற்றம் பகுதிகளில் பரவியிருப்பதில்லை, சில இடங்களில் குவிந்திருக்கிறது என்பதே. லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, மினியாபோலிஸ் நகரிலிருந்து காவல் துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் முகவரிகளில் வெறும் மூன்று சதவீதத்திலிருந்து வந்தவை. ‘மோசமான பகுதி’ என்று பேர் வாங்கிய இடத்திலும் குற்றம் சில முகவரிகளிலேயே குவிந்திருந்தது. டேவிட் வைஸ்பர்ட் 2015இல் பல நகரங்களின் தரவுகளை ஒப்பிட்டபோது, பெருநகரங்களில் நான்கு முதல் ஆறு சதவீதத் தெருத்துண்டுகள் (இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருப்பகுதிகள்) பாதிக் குற்றங்களைத் தாங்கின. சிறிய நகரங்களிலோ இரண்டு முதல் மூன்றரை சதவீதமே போதுமானதாக இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குற்றங்களே சொற்பமாக உள்ள ஊரில் குவிதல் ஓரளவு கணக்கின் மாயையும்கூட. அறுநூறு தெருத்துண்டுகளில் அறுபது குற்றங்கள் நடந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு தெருவில் நடந்தாலும் பாதிக் குற்றங்கள் ஐந்து சதவீதத் தெருக்களில்தான் இருக்கும். ஆகவே ஓராண்டில் குவிந்த இடம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடமாக இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

குவிதல் இடத்தோடு நிற்பதில்லை. ஒருமுறை பாதிக்கப்பட்டவரே மீண்டும் பாதிக்கப்படுகிறார். இதைத் தெளிவாகக் காட்டியது, இங்கிலாந்தின் ராச்டேல் நகரை ஒட்டிய கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள் கொண்ட, வசதி குறைந்தவர்கள் வாழ்ந்த அந்தப் பகுதியில் 1980களின் நடுவில் வீட்டுத் திருட்டு மிக அதிகமாக இருந்தது. அங்கே ஆய்வு செய்த கென் பீஸும் அவருடைய குழுவினரும், ஏற்கெனவே திருட்டுப்போன வீட்டில் மீண்டும் திருடு போகும் வாய்ப்பு, ஒருமுறையும் திருட்டுப்போகாத வீட்டைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று கண்டனர். காரணம் மர்மமானதல்ல. உள்ளே நுழையும் வழி திருடனுக்குத் தெரிந்துவிட்டது. எடுக்காமல் விட்டுப்போன பொருள் எது என்பதும் தெரிந்துவிட்டது. போன பொருளுக்குப் பதில் புதிது வாங்குவார்கள் என்பதும் தெரியும். எனவே ஆய்வுக் குழுவினர் இரண்டாயிரம் வீடுகளையும் காக்க முயலவில்லை. திருட்டுப்போன வீட்டை மட்டும் உடனே வலுப்படுத்தினார்கள். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போட்டுப் பயன்படுத்தும் மீட்டர்கள் அங்கே பல வீடுகளில் இருந்தன. அந்தக் காசுப்பெட்டிகளே திருடர்களின் முக்கிய இலக்கு என்று தெரிந்ததும் அவற்றை அகற்ற ஏற்பாடு செய்தார்கள். திருட்டுப்போன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம், சில வாரங்களுக்கு அந்த வீட்டின் மீது ஒரு கண் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பகுதியின் வீட்டுத் திருட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

கிர்க்ஹோல்ட் ஒரே ஓர் இடம். மோசமான ஆண்டுக்குப் பிறகு எண்ணிக்கை தானாக இறங்கும் என்று மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். ஆனால் மீள்திருட்டு என்ற கண்டுபிடிப்பு பிற்பாடு பல நாடுகளில் உறுதிப்பட்டது. ஷேன் ஜான்சன், கேட் பவர்ஸ் ஆகியோர் லிவர்பூல் வட்டாரத்தில் செய்த ஆய்வுகள் அதை அண்டை வீடுகளுக்கும் நீட்டித்தன: ஒரு வீட்டில் திருட்டு நடந்தால், அதைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு அடுத்த ஓரிரு மாதங்கள் அபாயம் உயர்கிறது, பிறகு தணிகிறது. சிறுநகரத்தில் வாழ்பவருக்கு இது ஆண்டு விகிதத்தைவிடப் பன்மடங்கு பயனுள்ள தகவல். ஊரில் இந்த ஆண்டு எத்தனை திருட்டு என்பதைவிட, நம் தெருவில் கடைசியாக எப்போது, எந்த வழியாக, எந்த நேரத்தில் நுழைந்தார்கள் என்பதே செய்ய வேண்டியதைச் சொல்லித்தரும்.

காவல் பணிக்கும் இதே கதைதான். கான்சஸ் நகரில் 1972-73இல் பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு தொகுதியில் வழக்கமான ரோந்தை நிறுத்தி, இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்காக்கி, மற்றொன்றை அப்படியே விட்டுச் சோதித்தனர். குற்றத்திலும் வித்தியாசமில்லை, மக்களின் அச்சத்திலும் வித்தியாசமில்லை, ரோந்து மாறியதையே பெரும்பாலோர் கவனிக்கவில்லை. ஊர் முழுவதும் சமமாகச் சுற்றிவரும் வாகனத்தால் பயன் குறைவு என்று அதிலிருந்து தெரிந்தது. பிறகு மினியாபோலிஸில் குற்றம் குவிந்த 110 இடங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதிக்கு மட்டும் கூடுதல் காவல் அளித்தபோது அழைப்புகள் குறைந்தன. அந்தத் தரவை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர் கோப்பர், ஓர் இடத்தில் பத்து முதல் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு நகர்வதே மிகுந்த பலன் தருகிறது என்றும், அதற்கு மேல் நின்றால் கூடுதல் பலன் இல்லை என்றும் கண்டார். சொற்ப எண்ணிக்கையில் காவலர்கள் உள்ள சிறுநகரத்துக்கு இதைவிட ஆறுதலான முடிவு கிடையாது.

கேமராக்களைப் பொறுத்தவரை, வாகன நிறுத்துமிடங்களில் அவை நன்கு பலன் தருகின்றன. வன்முறையைத் தடுப்பதில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. தெருவிளக்கு அவற்றைவிட நம்பிக்கை அளிக்கிறது. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்பு வளாகங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்தியபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடும் குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஃபிலடெல்ஃபியாவில் புதர் மண்டிக் கிடந்த 541 காலிமனைகளில் செய்த சோதனை 2018இல் வெளியானது. குப்பையை அகற்றி, புல் வளர்த்து, சில மரக்கன்றுகள் நட்டு, தாழ்வான மரவேலி அமைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. உள்ளாட்சியின் பொதுப்பணிப் பிரிவு, காவல் துறைக்கு இணையான பாதுகாப்பு அமைப்பு என்று நான் கருதுவதற்கு இத்தகைய சோதனைகளே காரணம்.

சிறுநகரம் பாதுகாப்பானது என்று பொதுவாக நம்புவதற்கு இன்னொரு காரணம், அங்கே ஒருவரையொருவர் அறிவார்கள் என்பது. அறிமுகம் மட்டுமே பாதுகாப்பைத் தருவதில்லை. சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டறிந்து, சாம்ப்சன், ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, வன்முறை குறைந்த பகுதிகளை வேறுபடுத்திக் காட்டிய பண்பைத் துல்லியமாக வரையறுத்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? வீட்டின் முன்னால் கைகலப்பு நடந்தால் குறுக்கிடுவார்களா? வட்டாரத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போவதாக அறிவித்தால் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பார்களா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்த பகுதிகளில், வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. நெருக்கமான உறவைவிட, பொதுவிஷயத்தில் தலையிடுவோம் என்ற பரஸ்பர நம்பிக்கையே அங்கே செயல்பட்டது.

நெருக்கம் இருந்து தலையிடும் வழக்கம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பது சிறுநகரங்களுக்குரிய கேள்வி. ஐ.நா. கணக்கின்படி 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்கள், சிறுமிகளில் ஏறத்தாழ 51,100 பேர் கணவர், துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் இறந்தவர்கள்; அதாவது பத்தில் ஆறு பேர். ஆண்களைப் பொறுத்தவரை பெரும்பாலான கொலைகள் வீட்டுக்கு வெளியே நடக்கின்றன. பெண்களைப் பொறுத்தவரை மிக ஆபத்தான முகவரி சொந்த வீடு. ‘இந்தத் தெருவில் இரவில் நடக்கலாமா’ என்று கேட்டு அளக்கும் பாதுகாப்பு இந்த முகவரியைத் தொடுவதே இல்லை. குடும்பத்தின் மானம், ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம், புகாரை எழுதுபவரே உறவினருக்கு அறிமுகமானவர் என்ற நிலை ஆகிய மூன்றும் சேர்ந்து, அடி, மிரட்டல், பூட்டிவைத்தல் போன்றவற்றைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன.

ஒரு பகுதியைப் பற்றி அறிய விரும்புபவர் அதனால் ஐந்தாண்டு எண்ணிக்கையைக் கேட்கலாம். அதைக் குற்ற வகை, இடம், நேரம் வாரியாகப் பிரித்துத் தரச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் முன் அறிமுகம் இருந்ததா என்றும் கேட்கலாம். அந்தத் தாளில் ஓர் ஆண்டின் கீழ் ஒரு கொலை என்றிருப்பது பெரிதாக எதையும் உணர்த்தாது. எட்டாயிரம் பேர் வாழும் ஊரில், ஐந்து ஆண்டுகளாகக் குடும்ப வன்முறை என்ற வரிசைக்கு எதிரே பூஜ்யம் மட்டுமே இருக்குமானால், அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.